எருமைத்துறைக்குக் கீழே எடுத்த தண்ணீர்

முப்பிடாதியை எழுப்ப அன்றைக்கு விசில் தேவைப்படவில்லை. குமரகுருபரன் சார் வராந்தாவில் நின்று கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவதற்கு முன்பே அவள் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த விஜயஸ்ரீயின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எந்திரி. இன்னைக்குத்தான் தண்ணி எடுக்கிற நாளு."

"ஆறு எங்கயும் ஓடிப் போவாது முப்பிடாதி. அங்கனயேதான் கெடக்கும்" என்று விஜயஸ்ரீ கண்ணைத் திறக்காமலே சொன்னாள். பாளையங்கோட்டைப் பெண் அவள். அப்பா பெரிய ஆபீசர். வீட்டில் காப்பி வந்து எழுப்பினால்தான் எழுந்து பழக்கம்.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷத்து மே மாதம். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய ஓர் ஊரின் உயர்நிலைப்பள்ளியில் பத்து நாள் தங்கிப் படிக்கும் அறிவியல் முகாம். மலையடியில் இருக்கிற களக்காட்டிலிருந்து கடலோரப் புன்னக்காயல் வரைக்கும் பல ஊர்ப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெஞ்சுகளையெல்லாம் ஓர் அறையில் அடுக்கிவிட்டு, ஒன்பதாம் வகுப்பு அறையில் பெண் பிள்ளைகளும் எதிர் வரிசையில் பையன்களும் பாய் விரித்துப் படுத்தார்கள். முகாம் முடியும்வரை யாரும் பாடப்புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது முதல் விதி. அதைக் கேட்டதுமே பாதிப் பேருக்கு அறிவியல் பிடித்துப்போயிற்று.

முப்பிடாதி சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா பிச்சைக்கண்ணு வயல்வேலைக்குப் போகிறவர், அம்மா வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் அவள் பத்தாம் வகுப்பு. மெதுவாகப் பேசு என்று எத்தனை பேர் சொன்னாலும் அவளுக்கு வராது. எதிர்க்கரையில் நிற்கிறவர்களிடம் பேசிப் பேசி வளர்ந்த குரல். வந்த இரண்டாம் நாளே பிள்ளைகள் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கோபப்படாமல், "ஸ்டேஷன் மாத்த முடியாது, கேட்டுத்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் அன்றைக்கு அப்படித் துள்ளி எழுந்ததற்குக் காரணம் ஒரு ஜீப். முந்தின நாள் சாயங்காலம் சித்ரலேகா அக்கா அதைப் பற்றி அறிவித்திருந்தாள். சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்த அக்காதான் முகாமின் பெரிய வாத்தியார். "வனத்துறையில ஒரே ஒரு நாளைக்கு ஒரு ஜீப் கொடுக்க ஒத்துக்கிட்டிருக்காங்க. பாபநாசத்துக்கு மேல, முண்டந்துறைக் காட்டுக்குள்ள போகலாம். ஆனா ஒரு குழுவுக்குத்தான் இடம். நாளைக்கு ஆத்துத் தண்ணியைச் சோதிக்கிற வேலையை எந்தக் குழு சரியா செய்யுதோ, அந்தக் குழு நாளன்னைக்குக் காலையில மலைக்குப் போகும்."

மலை என்றதும் முப்பிடாதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் அந்த மலைக்கும் பழைய வழக்கு ஒன்று இருந்தது.

வீட்டுக் கொல்லையில் நின்றால் மேற்கே அது தெரியும். பல் தேய்க்கும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் தேய்ப்பாள். ஆடி அமாவாசைக்கு அவள் தெருவே ஒரு லாரியில் ஏறி, பானை சட்டி, ஆடு, கோழி சகிதம் மலைமேல் இருக்கிற சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கி வரும். எல்லாரும் போவார்கள், முப்பிடாதி மட்டும் போனதில்லை. ஒரு வருஷம் அம்மை போட்டது. ஒரு வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இன்னொரு வருஷம் சரியாக அந்த வாரம் பார்த்து வயதுக்கு வந்தாள். ஓலைக் குச்சிலுக்குள் உட்கார்ந்து லாரி கிளம்புகிற சத்தத்தைக் கேட்டு அழுத அழுகையில், மாமன் வாங்கிவந்த பாவாடை தாவணியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருஷம் லாரியில் ஏறி உட்கார்ந்தே விட்டாள். லாரிதான் கிளம்பவில்லை. மறுநாள் வேறு வண்டி பிடித்து ஆண்கள் மட்டும் போனார்கள்.

தம்பி மட்டும் எப்படியோ எல்லா வருஷமும் போய்விடுவான். சொரிமுத்து என்று சாமி பெயரை வைத்திருக்கிறவன் அல்லவா. போய்வந்து சும்மாவும் இருக்கமாட்டான். "எக்கா, மேல தண்ணி கண்ணாடி கணக்கா இருக்கும். அடியில கெடக்க கூழாங்கல்ல ஒவ்வொண்ணா எண்ணலாம்" என்பான். "போலே, பெரிய இவன்" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு முப்பிடாதி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவாள். போகிற வழியெல்லாம் வயிறு எரியும்.

ஆகையால் அன்று காலை பறவை பார்க்கப் போனபோதும் அவளுக்குப் பறவையில் மனம் ஒட்டவில்லை. சித்ரலேகா அக்கா வாழைத்தோப்பு ஓரமாக அழைத்துப்போய், சத்தம் போடாமல் பார்க்கச் சொன்னாள். கொண்டலாத்தி ஒன்று தலையில் விசிறியை விரித்து மூடிக் காட்டியது. முப்பிடாதி, "அக்கா, அந்தா கொண்டலாத்தி!" என்று மெதுவாகத்தான் சொன்னாள். தோப்பில் இருந்த மற்ற பறவையெல்லாம் பறந்துபோயிற்று. மூன்று பேர் கொண்ட அவளுடைய குழுவுக்கு அன்றைக்குப் பறவைக் கணக்கில் கடைசி இடம்.

"போவட்டும். தண்ணியில பாத்துக்கிடுவோம்" என்றாள்.

இட்லியும் மிளகாய்ப்பொடியும் முடிந்ததும், அக்கா ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று காலி பாட்டில்கள் கொடுத்தாள். மூன்று இடத்துத் தண்ணீர் வேண்டும். ஊருக்கு மேலே அணைக்கட்டுப் பக்கம் ஒன்று, ஊர் குளிக்கிற படித்துறையில் ஒன்று, ஊருக்குக் கீழே, சாக்கடையும் வந்து சேர்கிற எருமைத்துறையைத் தாண்டி ஒன்று. ஊரைக் கடந்து போகும்போது ஆறு எவ்வளவு கெடுகிறது என்று பார்க்கவேண்டும். பாட்டிலை நன்றாகக் கழுவ வேண்டும், எடுத்த இடத்தைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும் என்றெல்லாம் அக்கா விளக்கமாகச் சொன்னாள். தண்ணீரை எப்படி எடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை. ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்கவா சொல்லித்தர வேண்டும்?

விஜயஸ்ரீக்கு அணைக்கட்டு. மணிராஜுக்குப் படித்துறை. முப்பிடாதிக்கு எருமைத்துறை.

மணிராஜ் குழுவின் மூன்றாவது ஆள். எட்டாம் வகுப்பு முடித்த திசையன்விளைப் பையன். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. செம்மண்ணும் பனையும் ஆழக் கிணறுமாக வளர்ந்தவன். ஆறு என்ற ஒன்றை முகாமுக்கு வந்துதான் முதல்முதலாகக் கண்ணால் பார்த்தான். பார்த்த நாளிலிருந்து அதற்கு ரொம்ப மரியாதை கொடுத்துத் தள்ளியே நின்றான். மற்றவர்கள் நீந்தும்போது படியில் உட்கார்ந்து சொம்பால் மோந்து குளிப்பான்.

எருமைத்துறையில் ஒருவர் வைக்கோலைச் சுருட்டி எருமையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலும் கையுமாக நின்றவளைப் பார்த்து, "என்ன பிள்ள, எண்ணெய் வாங்க வந்த மாதிரி நிக்க?" என்றார்.

"தண்ணி எடுக்க வந்தேன் அண்ணாச்சி. சோதனை பண்ணணும்."

"எம் மாடு குளிச்ச தண்ணியவா? பாஸாவாதே அது!"

முப்பிடாதி கொஞ்சம் கீழே தள்ளிப் போய் ஆற்றைப் பார்த்தாள். சாக்கடை வாய்க்கால் கறுப்பாக வந்து கலந்துகொண்டிருந்தது. வைக்கோல் துரும்பும் சாணித் திப்பியும் மிதந்து போயின. அதில் எந்தப் பிள்ளையாவது பாட்டிலை முக்குமா? அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு, கரையோர ஈர மணலில் குந்தி, இரண்டு கையாலும் குழி பறிக்க ஆரம்பித்தாள். முழங்கை ஆழம் வந்ததும் தண்ணீர் கலங்கலாக ஊறியது. அதைக் கரையில் கிடந்த சிரட்டையால் இறைத்து வெளியே விட்டாள். மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். ஊற்றில் தண்ணீர் தெளிந்து மேலே வந்தது. அதைப் பாட்டிலில் மோந்து மூடினாள்.

தாமிரவருணிக் கரையில் கோடையில் தண்ணீர் எடுப்பது என்றால் அப்படித்தான். ஓடுகிற தண்ணீரில் துணி துவைக்கலாம், மாட்டைக் குளிப்பாட்டலாம், நாள் முழுக்கக் கிடந்து நீந்தலாம். குடத்தைக் கொண்டுபோய் அதில் முக்கினால் வீட்டில் முதுகில் விழும். நடக்கப் பழகிய நாளிலிருந்து முப்பிடாதி ஊற்றுத் தோண்டிதான் எடுத்து வந்திருக்கிறாள். இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. 'எருமைத்துறைக்குக் கீழே' என்று சீட்டு எழுதி ஒட்டி, பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது.

திரும்பி வருகிற வழியில் படித்துறையில் மணிராஜ் நின்றான். அவன் பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏலே மணி, என்னலே இது? சுக்குக் காப்பியா?"

"ஆத்துத் தண்ணிதாங்க்கா."

"இத யாருலே எடுத்துட்டு வரச் சொன்னா? சவுக்கார நுரையும் இலைத் தூசியுமா மெதக்குது. இதக் கொண்டு வச்சா நம்ம குழு மானம் போயிரும். கீழ ஊத்திட்டு நல்ல தண்ணியா எடுத்துட்டு வா."

மணிராஜ் படியைப் பார்த்தான். கடைசிப் படியில் உட்கார்ந்து, ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி அவன் அந்தத் தண்ணீரைப் பிடித்திருந்தான். "மறுபடியும் இறங்கணுமாக்கா? பாசி வழுக்குது. எனக்கு நீச்சல் தெரியாதுல்லா" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

பாட்டிலைப் பிடுங்கித் தானே போய்க் கொட்டலாம் என்றுதான் முப்பிடாதி கையை நீட்டினாள். அதற்குள் பள்ளிக்கூடப் பக்கமிருந்து விசில் வந்துவிட்டது. "நீ ஒருத்தன் போதும்லே எங்களக் கவுக்க. ஜீப்பு கெடைச்சா முன் சீட்டு எனக்குத்தான், இப்பமே சொல்லிட்டேன். நீ பின்னால டயர் மேல உக்காந்துக்கோ" என்று வைதுகொண்டே ஓடினாள்.

விஜயஸ்ரீ முன்னாலேயே வந்து காத்திருந்தாள். அவள் பாட்டிலும் பளிச்சென்று இருந்தது. அணைக்கட்டுப் பக்கம் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், டவுன் பிள்ளை ஒன்று பாட்டிலுடன் தண்ணீருக்குள் குனிவதைப் பார்த்து, "ஏ தாயி, அதையா எடுப்பாவ? கொண்டா இங்க" என்று வாங்கி, தன் ஊற்றிலிருந்தே நிரப்பிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். விஜயஸ்ரீ மறக்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மத்தியானம் சமையல்காரர் சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி கூட்டாஞ்சோறு ஆக்கியிருந்தார். முருங்கைக்கீரை மணக்க மணக்க, தொட்டுக்கொள்ள வடகம். மணிராஜ் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பிடாதி அவன் இலையிலிருந்த வடகத்தையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவனுக்குத் தண்டனை என்று சொல்லிக்கொண்டாள்.

சோதனை பெரிய கூடத்தில் நடந்தது. ஒரு காகிதத்தில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் அடி மூடிய உயரமான கண்ணாடிக் குழாயை நிறுத்தியிருந்தாள் அக்கா. மேலேயிருந்து ஒருவர் குழாய்க்குள் குனிந்து பார்க்க வேண்டும். இன்னொருவர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். எந்த உயரத்தில் பெருக்கல் குறி மறைகிறதோ, அதுதான் அளவு. கலங்கல் தண்ணீரில் சீக்கிரம் மறையும். தெளிந்த தண்ணீரில் குழாய் நிறைந்தாலும் தெரியும்.

சீட்டுக் குலுக்கியதில் முதல் முறை முப்பிடாதி குழுவுக்கு. விஜயஸ்ரீயின் தண்ணீரில் குழாய் விளிம்பு வரை நிரம்பியும் குறி மறையவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். மணிராஜின் தண்ணீரில் பாதிக் குழாய்க்கு முன்பே குறி காணாமல் போயிற்று. முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் அவள் பாட்டில். ஊற்றினார்கள், ஊற்றினார்கள், குழாய் வழிந்தே விட்டது. குறி அடியில் கிடந்து பளபளத்தது.

முப்பிடாதி சபையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கை தட்டல் வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

சித்ரலேகா அக்கா கரும்பலகையில் எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஊருக்கு மேல சுத்தம். படித்துறையில அழுக்கு. சரி. அதுக்கப்புறம் சாக்கடை கலக்குது, எருமை குளிக்குது. அங்க மறுபடியும் சுத்தமா? அப்போ எருமை குளிச்சா ஆறு சுத்தமாகுமா?"

கூடமே சிரித்தது. அம்பாசமுத்திரத்து வக்கீல் மகன் மகேஷ் எழுந்தான். அடுத்த முறை அவன் குழுவுக்கு. "அக்கா, அது ஆத்துத் தண்ணியே இல்ல. வார வழியில பஞ்சாயத்துக் குழாய் இருக்குல்லா, அங்கன பிடிச்சிருப்பா."

"ஏலே மகேசு!" முப்பிடாதியின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "பல்லத் தட்டிக் கையில குடுத்துருவேன். யாரப் பாத்துலே கள்ளிங்க? ஆத்துலதான் எடுத்தேன். எருமை மேல சத்தியம்!"

"எருமை சாட்சி சொல்ல வராதுன்னு தைரியமா?" என்றான் மகேஷ். அப்பாவின் தொழில் அவனுக்கு அப்போதே வந்திருந்தது.

அக்கா இரண்டு கையையும் உயர்த்தினாள். "சண்டை வேண்டாம். சந்தேகம் வந்தா அறிவியல்ல ஒரே வழிதான், மறுபடியும் செஞ்சு பார்க்கறது. எல்லாரும் கிளம்புங்க, ஆத்துக்கே போவோம்."

வெயிலில் வரிசையாக நடந்தார்கள். எப்போதும் முன்னால் போகிற முப்பிடாதி அன்று கடைசியில் நடந்தாள். ஜீப் போனால் போகிறது என்று அவளால் நினைக்க முடியவில்லை. ஆனால் அதைவிட, இத்தனை பேர் முன்னால் பொய்க்காரி ஆகிவிட்டோமே என்பதுதான் பெரிதாக இருந்தது. போதாக்குறைக்கு விஜயஸ்ரீ பக்கத்தில் வந்து, "நெசமாவே ஆத்துலதான எடுத்த?" என்று மெதுவாகக் கேட்டாள். முப்பிடாதிக்கு மகேஷ் கேட்டபோது வந்த கோபம் இவள் கேட்டபோது அழுகையாக வந்தது.

ரேடியோ ஓய்ந்துபோனதைப் பார்த்து மணிராஜுக்குத்தான் தாங்கவில்லை. "எக்கா, நான் வேணா அந்தப் பாட்டில ஒளிச்சு வச்சிருதேன்" என்றான். அது எதற்கு உதவும் என்று அவனுக்கும் தெரியாது.

எருமைத்துறைக்குக் கீழே எல்லாரும் வட்டமாக நின்றார்கள். அக்கா ஒரு புதுப் பாட்டிலைக் கொடுத்தாள். "காலையில எப்படி எடுத்தியோ, அதே மாதிரி எடு. நாங்க பார்க்கறோம்."

முப்பிடாதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மணலில் குந்தினாள். இரண்டு கையாலும் பறித்தாள். யாருக்கும் அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. மகேஷ் அவள் இடுப்பில் வேறு பாட்டில் ஏதும் செருகியிருக்கிறாளா என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஊற ஆரம்பித்ததும் குமரகுருபரன் சாரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். "அவசரப்படாத பிள்ள. மொதத் தண்ணிய இறைச்சு வெளிய விடு. இந்தா, இந்தப் பக்கம் மண்ணு சரியுது பாரு" என்று கரையை ஒதுக்கிவிட்டார். மேல்நிலைப்பள்ளி ஒன்றில் இருபது வருஷமாக இயற்பியல் நடத்துகிறவர்.

சித்ரலேகா அக்கா மட்டும் நின்ற இடத்தில் அப்படியே நின்றாள்.

"முப்பிடாதி, நீ என்ன பண்றே?"

"தண்ணி எடுக்கேங்க்கா."

அக்கா கையை நீட்டிக் காட்டினாள். "ஆறு அங்க இருக்கு."

"ஆமாக்கா."

"அப்போ இங்க எதுக்குத் தோண்டறே?"

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு படித்தவள் இதைக் கேட்கிறாளே என்று பாவமாகக்கூட இருந்தது. "தண்ணி எடுக்கத்தாங்க்கா" என்றாள்.

அக்கா ஆதரவு தேடிக் குமரகுருபரன் சாரைப் பார்த்தாள். "சார்?"

"நல்ல ஊத்தும்மா. சீக்கிரம் தெளிஞ்சிருச்சி" என்று சார் பெருமையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மணல் ஒட்டிய கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டு, "அட கூறுகெட்டவனே" என்று தன்னையே வைதார்.

அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் திகைத்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முப்பிடாதிக்கு ஒன்றும் புரியவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று முகம் கறுத்துப்போயிற்று. அக்கா அவளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"நீ பொய் சொல்லலை. இது ஆத்துத் தண்ணிதான். ஆனா மணல் வடிகட்டின ஆத்துத் தண்ணி. ஆத்துல என்ன அழுக்கு போகுதுன்னு பார்க்க நான் அனுப்பினேன். நீ அந்த அழுக்கையெல்லாம் மணல்கிட்ட விட்டுட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துட்டு வந்துட்டே. இதுல ஆத்தோட நிலைமை எப்படித் தெரியும்?" பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "அதுவும் மணலுக்குக் கண்ணுக்குத் தெரியற அழுக்கைத்தான் பிடிச்சு வைக்கத் தெரியும். தெரியாத கிருமியும் போயிடும்னு நினைச்சிடாதீங்க."

முப்பிடாதிக்கு இப்போது புரிந்தது. வட்டத்தில் நின்றிருந்த எல்லாருக்குமே ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டு வந்தது. பொய்க்காரி இல்லை என்று ஆனதில் பெரிய மூச்சு ஒன்று விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அக்கா அடுத்ததைச் சொன்னாள்: "ஆனா இந்த பாட்டில் செல்லாது."

செல்லாது. விஜயஸ்ரீ அணைக்கட்டில் நடந்ததைச் சொன்னாள். அதுவும் செல்லாது. மேற்கே மலை நீலமாக நின்றது. இந்த வருஷமும் லாரி கிளம்பவில்லை என்று முப்பிடாதி நினைத்துக்கொண்டாள். மகேஷ் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. இனி அவன் குழுதான் போகும். போய்வந்து சொரிமுத்து மாதிரியே கூழாங்கல் கதை சொல்லுவான்.

அக்காவுக்கு அதற்குள் வேறொரு யோசனை வந்திருந்தது. "சரி, மத்த குழுவெல்லாம் எப்படி எடுத்தீங்க? ஊத்துத் தோண்டி எடுத்தவங்க கையைத் தூக்குங்க."

முதலில் புன்னக்காயல் பையன் ஒருவன் தூக்கினான். களக்காட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. செய்துகாட்டுவதற்காகக் காலையில் ஒரு பாட்டில் நிரப்பி வைத்திருந்த குமரகுருபரன் சாரும், யாரும் கவனிக்காதபடி தோள் உயரத்துக்குத் தூக்கினார். மகேஷ் மட்டும் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். சும்மா இருந்தால் ஜீப் அவனுடையது. கடைசியில் அவனும் கையைத் தூக்கினான்.

"மூணுமே ஊத்துத் தண்ணிதாங்க்கா. படித்துறையில மணல் இல்லன்னு தள்ளிப் போயி தோண்டினோம்." பிறகு முப்பிடாதியைப் பார்த்து, "குழாய்த் தண்ணின்னு சொன்னது தப்புதான். நானா இருந்தாலும் இப்படித்தான எடுத்திருப்பேன், அத யோசிக்கல" என்றான். வக்கீல் மகனாக இருந்தாலும் நல்ல பிள்ளை.

"அப்போ, இத்தனை பேர் ஆத்துக்குப் போய், ஒருத்தர்கூட ஆத்துத் தண்ணியைக் கொண்டு வரலை!" என்று அக்கா மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சன்னமான குரல் வந்தது. "அக்கா, நான் தோண்டல." மணிராஜ்தான். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி நின்றான். "எனக்குத் தோண்டத் தெரியாது. எங்க ஊர்ல கெணறுதான். ஓடுத தண்ணியிலயே பிடிச்சிட்டேன்."

முப்பிடாதி ஒரு நொடி அவனையே பார்த்தாள். கல்லைப் பிடித்துக்கொண்டு கை நீட்டி அவன் பிடித்த அந்தச் சுக்குக் காப்பித் தண்ணீர். கீழே ஊற்று என்று அவள் வைத தண்ணீர். விசில் கொஞ்சம் பிந்தியிருந்தால் அவளே பிடுங்கிக் கொட்டியிருப்பாள். மறு நொடி வட்டத்தைத் தாண்டி ஓடி மணிராஜைத் தூக்கிவிட்டாள். அவன் பயத்தில் "எக்கா, ஆத்துக்குள்ள போட்ராதீங்க!" என்று கத்தினான்.

ஜீப் மணிராஜின் குழுவுக்கே என்று அக்கா சொன்னாள். ஒரு பாட்டிலுக்கு ஜீப்பா என்று சிலர் முணுமுணுக்காமல் இல்லை. "நீங்க எல்லாரும் சேர்ந்து அந்த ஒண்ணைக்கூடக் கொண்டு வரலையே" என்று அக்கா சொன்னதும் அடங்கினார்கள். மறுநாள் மற்றக் குழுக்கள் மூன்று இடத்திலும் ஓடுகிற தண்ணீரையே எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பொறுப்பு குமரகுருபரன் சாருக்கு. ஊற்றுப் பக்கமே யாரையும் விடமாட்டேன் என்று அவர் உறுதி சொன்னார்.

விடிந்ததும் பச்சை ஜீப் வந்து நின்றது. முப்பிடாதி கதவைத் திறந்து, மணிராஜின் சட்டையைப் பிடித்து முன் சீட்டில் தள்ளினாள். "முன் சீட்டு ஒங்களுக்குன்னு சொன்னியளே" என்றான் அவன். "சொன்னா சொன்னதுதானா? ஏறுலே பேசாம" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் போய் டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள். வழி நெடுக ஜீப் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் வாய் மூடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் "அந்தா! அந்தா!" என்றாள். மரத்தையும் காட்டினாள், குரங்கையும் காட்டினாள், ஒன்றும் இல்லாத இடத்தையும் காட்டினாள். சோதனைச் சாவடிக்காரர், ஜீப்பில் ஏதும் தகராறா என்று எட்டிப் பார்த்தார்.

காட்டுக்குள் ஓரிடத்தில் ஆறு பாறைமேல் இறங்கி ஓடியது. "இங்கேயும் ஒரு பாட்டில் எடுத்துக்கலாம்" என்று சித்ரலேகா அக்கா சொன்னாள். முப்பிடாதி பாட்டிலை வாங்கிக்கொண்டு கரையில் குந்தினாள். கை தன்னால் மணலைத் தேடியது. இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். பாறைதான் இருந்தது, தோண்ட ஒரு பிடி மணல் இல்லை.

"எக்கா, அப்படியே மோந்துக்கோங்க" என்றான் மணிராஜ், பின்னாலே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். தம்பி சொன்னது பொய்யில்லை. அடியில் கிடந்த கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். பாட்டிலை வைத்துவிட்டு இரண்டு கையையும் குவித்து மோந்து, யாரையும் கேட்காமல் குடித்தாள். பல் கூசியது. பிறந்ததிலிருந்து குடித்த ஆறுதான், ஓடும்போது குடித்தது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் அவளுக்குக் கத்தக்கூட வரவில்லை. ரேடியோ கொஞ்ச நேரம் சும்மாவே இருந்தது.

அப்புறம் திரும்பிப் பார்த்து, "ஏலே மணி, வா, குடிச்சுப் பாரு" என்றாள். அவன் அசையவில்லை. அவனுக்கு அங்கேயும் பயம்தான். அவள் இரண்டு கை நிறையத் தண்ணீரை மோந்து, சிந்தாமல் மரத்தடிக்குக் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்தாள்.